கிரானிலிருந்து ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்?

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கட்டாரின் டோஹாவுக்கு ஏறக்குறைய 3,600 கிலோமீற்றர். விமானம் சுமார் ஐந்து மணித்தியாலத்தில் போய் இறங்கிவிடுகிறது. கிரானிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் அளந்தால் 200 கிலோமீற்றருக்கு மேல் வராது. வேனில் போனால் ஆறு மணித்தியாலம், சில நாள் ஏழு. பதினெட்டு மடங்கு நீளமான வழியை விடச் சின்ன வழிக்குத்தான் கூடுதல் நேரம் போகிறது.

இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்து விமானத் தூரமும் பயண நேரமும் கேட்டால் இன்று கைத்தொலைபேசியே நொடியில் பதில் தருகிறது. அந்தப் பதில் ஓடுபாதையிலிருந்து ஓடுபாதை வரைக்கும்தான் உண்மை. வீட்டுப் படலையிலிருந்து வீட்டுப் படலை வரைக்குமான நேரத்தை யாரும் அட்டவணை போட்டு வைக்கவில்லை. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றரில், திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியோரம் சந்திவெளிக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் கிடக்கும் கிரானுக்கு அந்த அட்டவணை அவசியம் தேவை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள், யுத்த காலத்தில் கனடாவுக்கும் சுவிசுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் என்று, வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பத்தை இந்தக் கரையோரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வானத்துக் கணக்கு.

சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தால், அது அரபுக் கடலையும் ஆபிரிக்காவின் வட பகுதியையும் அத்திலாந்திக்கையும் கடந்து போகும். பள்ளிக்கூடத்தில் இருக்கும் உலக உருண்டையில் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் இடையில் இழுத்துப் பிடித்தால் கதை மாறிவிடும். நூல் மேற்கே போகாமல் கிட்டத்தட்ட நேர் வடக்கே ஏறும். இந்தியாவையும் பாகிஸ்தானையும் கடந்து, கஸகஸ்தானுக்கு மேலாக, வட ரஷ்யாவைத் தொட்டு, ஏறக்குறைய 72 பாகை வட அகலாங்கு வரை உயர்ந்து, கிரீன்லாந்தின் பனிக்கு மேலாகக் கனடாவுக்குள் இறங்கும். பூமி உருண்டை என்பதால் அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி இப்படி வளைந்துதான் தெரியும். கணிதத்தில் இதைப் பெருவட்டம் என்பார்கள். இரண்டு ஊர்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் முக்கோண கணித வாய்பாடு ஒன்றைக் கொண்டு எவரும் அளந்து கொள்ளலாம். அப்படி அளந்தால் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், இலண்டன் 8,700, சூரிச் 8,000, றியாத் 4,000, டுபாய் 3,300.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு அந்தப் பனிவழியால் யாரும் போவதில்லை. இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் டோஹா, டுபாய், அபுதாபி என்று வளைகுடாவில் ஓரிடத்தில் இறங்கி ஏறுகிறார்கள். ‘சுத்திப் போறது’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். உண்மையில் எவ்வளவு சுற்று என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். டோஹா வழியாக ரொறன்ரோ போனால் மொத்தம் ஏறக்குறைய 14,500 கிலோமீற்றர். பெருவட்ட வழியை விட 500 கிலோமீற்றர்தான் கூட. விமானத்துக்கு அது அரை மணித்தியாலச் சொச்சம். டோஹா வழியாக இலண்டன் போனால் கூடுவது 140 கிலோமீற்றர் அளவில். சூரிச்சுக்கு நூறுகூட இல்லை. இலங்கைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே இழுத்த நூலுக்குக் கிட்டவே வளைகுடா கிடக்கிறது. அந்த நகரங்கள் விமானச் சந்திகளாக வளர்ந்ததில் எண்ணெய்ப் பணத்தின் பங்கு பெரிது; பூகோளம் கொடுத்த இந்த இடமும் சிறிய காரணமல்ல. ஆகவே சுற்றுவதால் நேரம் போவதில்லை. இறங்கிக் காத்திருப்பதால்தான் போகிறது. மூன்று மணித்தியாலத்தில் அடுத்த விமானம் கிடைப்பவரும் உண்டு, மலிவான பயணச்சீட்டுக்காகப் பதினான்கு மணித்தியாலம் கதிரையில் சாய்ந்து கிடப்பவரும் உண்டு. இருவரும் பறந்த தூரம் ஒன்றே.

சந்தி என்றால் அது அடைபடும் நாளும் வரும். 2017 ஜூனில் சவூதி அரேபியாவும் அயல்நாடுகளும் கட்டாருக்குத் தம் வான்பரப்பை மூடின. 2021 ஜனவரி வரை டோஹா விமானங்கள் பெரும்பாலும் ஈரான் பக்கமாகவே போய் வந்தன. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பையே சில மணித்தியாலம் மூடியது. வழியில் இருந்த விமானங்கள் வேறு நகரங்களில் இறங்கின. அன்றிரவு டோஹாவுக்கும் கொழும்புக்கும் இடையிலான 3,600 கிலோமீற்றரில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் பயண நேரம் ஐந்து மணித்தியாலத்திலிருந்து எவருக்கும் சொல்லத் தெரியாத ஒன்றாகிவிட்டது.

காற்றும் கணக்கில் சேரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் வட இந்தியாவுக்கும் பாரசீகத்துக்கும் மேலாக, மாரி காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் அருவிக்காற்று அடிக்கிறது. மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் அதற்குச் சாதாரணம். மணிக்கு 900 கிலோமீற்றரில் பறக்கும் விமானம் அதை எதிர்த்துப் போனால் நிலத்தை 750 வேகத்தில்தான் கடக்கும். முதுகில் வாங்கிக்கொண்டு வந்தால் 1,050. 1,500 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தக் காற்று இருந்தால் போகும்போது இரண்டு மணித்தியாலம், வரும்போது ஒரு மணி 26 நிமிடம். இலண்டனுக்குப் போக ஏறக்குறைய 11 மணித்தியாலமும் திரும்பி வர அதைவிடக் குறைவாகவும் ஆவதற்கு இதுதான் முதற்காரணம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் நம் தலைக்கு மேல் இதற்கு எதிரான ஒன்று நடக்கிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மேலாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓர் அருவிக்காற்று ஓடுகிறது. அதை விரிவாக ஆராய்ந்து 1958இல் எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்தக் காற்றின் நடுப்பகுதி பயணிகள் விமானம் பறக்கும் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அதன் அடிவிளிம்பு மேற்கே போகும் விமானத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் எவ்வளவு புதியது என்பதற்கு ஒரு சாட்சி இலங்கையின் தென்கரையில் இருக்கிறது. 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரிலிருந்து காலிக்குக் கிட்ட உள்ள கொக்கலை வாவிக்குக் கற்றலினா வகைக் கடல் விமானங்களை ஓட்டியது. ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர், நடுவில் இறங்க இடமில்லை. கிழக்கே யப்பானியர் நின்றதால் வானொலியை மூடிக்கொண்டு, நட்சத்திரங்களைப் பார்த்தே வழி பிடித்தார்கள். ஒரு பயணம் 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுத்தது. ஏறியவர்கள் ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். எரிபொருளின் பாரம் அவ்வளவு என்பதால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. அதே தூரத்தை இன்றைய விமானம் ஏழு மணித்தியாலத்தில் முடித்துவிடும். அந்த வேகம் எப்போதோ வந்துவிட்டது. 1958இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 707 மணிக்கு 900 கிலோமீற்றருக்கு மேல் பறந்தது, இன்றைய விமானமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் பறக்கிறது. ஒலியை முந்திப் பறந்த கொன்கோர்ட் 1976இல் வந்து 2003இல் போய்விட்டது. விமானங்கள் இன்று இடைநிற்காமல் தொலைவு போகின்றன, எரிபொருள் குறைவாகக் குடிக்கின்றன, பயணச்சீட்டு பலருக்கு எட்டுகிறது. வேகம் மட்டும் அறுபது ஆண்டுக்கு மேலாக நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியென்றால் பயண நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் கை வைக்க வேண்டிய இடம் தரைதான்.

தரை என்றால் கிரானுக்கு ஏ11 வீதி. காலையில் விமானம் என்றால் முதல்நாள் மாலையே வேன் வாசலில் நிற்கும். பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கி, மூடியில் பெயரையும் போகும் நாட்டையும் மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். போகிறவர் ஒருவர், வழியனுப்ப ஏழெட்டுப் பேர். வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டியதும் புணாணைக் காடு. அங்கிருந்து வெலிகந்தை வரை யானை வீதிக்கு வரும் என்பதால் சாரதி வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடக்க 2007இல் வீதிக்கென்று தனிப்பாலம் திறந்தார்கள். அதுவரை ரயிலும் வாகனமும் ஒரே இரும்புப் பாலத்தை மாறி மாறிப் பயன்படுத்தின. பொலன்னறுவை கழிந்து மின்னேரியாவிலிருந்து ஹபரணை வரைக்கும் மறுபடி யானைக் காடு. ஹபரணையிலோ தம்புள்ளையிலோ ஒரு பிளேன்ரீ. பிறகு குருநாகல், நீர்கொழும்புப் பக்கம், கட்டுநாயக்க. வீதித் தூரம் ஏறக்குறைய 280 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலம் முந்தியே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வழியில் ரயர் வெடித்தால் என்ன செய்வது, யானை மறித்தால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொண்டுதான் கிரானில் இருப்பவர் புறப்படுவார். கொழும்பில் இருப்பவருக்கு இந்தக் கூட்டல் இல்லை. அதே பயணச்சீட்டு, அதே இருக்கை. கிரான்காரர் விமானத்தில் கால் வைக்கும்போது பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஏற்கனவே செலவழித்துவிட்டார்.

யுத்த காலத்தை நினைத்தால் இதுவும் விரைவான பயணம்தான். அப்போது வீதியில் சோதனைச் சாவடிதோறும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து கடந்து, மறுபடி ஏற வேண்டும். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த ரயில், பல ஆண்டுகள் வராமலே நின்று 2003இல் திரும்ப வந்தது. அந்த நாட்களில் கட்டுநாயக்க போய்ச் சேர இத்தனை மணித்தியாலம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்று வீதி திறந்திருக்கிறது, பாலங்கள் இருக்கின்றன, குருநாகலுக்கும் மீரிகமவுக்கும் இடையில் 2022 முதல் அதிவேகப் பாதையும் இருக்கிறது. ஆயினும் கிழக்கு மாகாணத்தவர் உலகுக்குப் போகும் வாசல் தீவின் மறுகரையில் இருக்கிறது என்ற உண்மை மாறவில்லை.

வாசல் இங்கேயும் இருந்திருக்கலாம். மட்டக்களப்பு நகரை ஒட்டித் திமிலைதீவில் உள்ள விமானத் தளம் 1958இல் திறக்கப்பட்டது. 1983இல் விமானப்படையின் கைக்குப் போனது. யுத்தம் முடிந்து ஓடுபாதையைச் செப்பனிட்டு, 2018இல் உள்நாட்டு விமான நிலையமாக மறுபடி திறந்தார்கள். ஓடுபாதை 1,500 மீற்றரைச் சற்றே தாண்டும். கட்டுநாயக்கவில் இருப்பது 3,350 மீற்றர். டோஹாவுக்கும் இலண்டனுக்கும் போகும் பெரிய விமானத்துக்குத் திமிலைதீவு போதாது, சுற்றிவர வாவி என்பதால் நீட்டுவதும் எளிதல்ல. ஆனால் உந்துவிசிறியில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்துக்கு ஏறக்குறைய 1,300 மீற்றர் போதும். யாழ்ப்பாணத்தின் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து அந்த வகை விமானம் வரத் தொடங்கியதே இதற்கு உதாரணம். தூரத்தை அளந்து பாருங்கள்: திமிலைதீவிலிருந்து சென்னை ஏறக்குறைய 610 கிலோமீற்றர், கட்டுநாயக்கவிலிருந்து 650. மட்டக்களப்புத்தான் சென்னைக்குக் கிட்ட. வைத்தியத்துக்கும் திருப்பதிக்கும் கலியாணப் புடவை எடுக்கவும் சென்னை போகிற கிரான்காரர் இன்று தென்மேற்கே 280 கிலோமீற்றர் வீதியில் போய், அங்கிருந்து வடக்கே பறக்கிறார். திமிலைதீவிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பறப்பு அவருக்கு ஒரு முழுநாளை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். விமானம் நிரம்புமா, நட்டம் வருமா என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குக் கணக்குப் போட்டுப் பதில் தேடட்டும். ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து இத்தனை நாடுகளுக்கு நேரடிச் சேவை என்று பெருமை பேசுகிறவர்கள், கட்டுநாயக்கவுக்கு வரவே ஓர் இரவு போகிற மாவட்டத்தையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த மாவட்டத்துக்குள்ளேயும் எல்லாருக்கும் ஒரே நேரம் இல்லை. கிரான் சந்தியிலிருந்து மேற்கே போகும் வீதி புலிபாய்ந்தகல் வழியாகப் படுவான்கரைக் கிராமங்களுக்குப் போகிறது. வயலும் பட்டியுமாக வாழ்கிறவர்களுக்கு அதுதான் வழி. வடகீழ்ப் பருவமழை கனத்து ஆறு பெருகினால் அந்த வீதி நீருக்குள் போய்விடும். சில நாள் உழவு இயந்திரத்தில் கடக்கலாம், வெள்ளம் ஏறினால் மெசின் போட்டில்தான். வெளிநாட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துப் படகில் ஏற்றி, இக்கரையில் வேனில் மாற்றுகிற குடும்பத்துக்கு நவம்பர், டிசம்பரில் முதற் சில கிலோமீற்றரே அரைநாள். மழை விட்டுவிடுமா என்று பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது என்று இரண்டு நாள் முந்தியே இக்கரையில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கிவிடுகிறவர்களும் உண்டு. உலகின் நீளமான பயணங்களில் எது கடினமான துண்டு என்று யாராவது ஆராய்வதென்றால் இந்தக் கரையில் வந்து நிற்க வேண்டும்.

இந்த நேரக் கணக்கு உயிரை அறுப்பது செத்த வீட்டில்தான். கோடை காலத்தில் ஒருநாள் விடிய ஆறு மணிக்குக் கிரானில் ஒரு தகப்பன் இறந்துவிட்டார் என்று வைப்போம். ரொறன்ரோவில் அப்போது முதல்நாள் இரவு எட்டரை மணி. செய்தி வட்ஸ்அப்பில் ஒரு விநாடியில் போய்விடும். வளைகுடாவுக்குப் போகும் அன்றைய இரவு விமானத்துக்கு மகன் ஓடிப் பிடிக்க முடியாது. லீவு சொல்லி, பணம் புரட்டி, பயணச்சீட்டு எடுத்து, இடம் கிடைத்தால் மறுநாள் இரவு புறப்படலாம். அதற்குள்ளேயே ஏறக்குறைய 25 மணித்தியாலம் போய்விட்டது. டோஹா வரை பன்னிரண்டரை, அங்கே குறைந்தது மூன்று, கொழும்புக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, பெட்டியெடுத்து வெளியே வர ஒன்றரை, வீதியில் ஆறரை. கூட்டினால் 53 மணித்தியாலத்துக்கு மேல். இதில் அவர் வானத்தில் இருந்தது பதினேழு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட. ஊர் வழக்கப்படி பிரேதத்தை மறுநாளுக்குள் எடுத்துவிடுவார்கள். மகன் வருகிறான் என்றால் மருந்து ஏற்றி மூன்றாம் நாள் வரை வைத்திருக்கிறார்கள். ‘அவன் கட்டுநாயக்கவில இறங்கிட்டான், ஹபரணைக்கு வந்திட்டான்’ என்று பந்தலில் இருப்பவர்கள் தொலைபேசியில் வீதியை அளந்துகொண்டே இருப்பார்கள். பறை நிற்காது. பிந்தியும் வர முடியாதவர்களுக்குக் கைத்தொலைபேசியை மேலே பிடித்துக் காணொளியில் காட்டுகிறார்கள்.

அந்தக் காணொளியில் பெரும்பாலும் தெரிவது யாருடைய முகம் என்று கவனித்தால் கிலோமீற்றர்க் கணக்கு முழுவதும் தலைகீழாகும். 14,000 கிலோமீற்றரில் இருக்கும் மகன் மூன்றாம் நாள் வந்து நெருப்பு வைத்துவிடுகிறான். 4,000 கிலோமீற்றரில் றியாத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் வரமாட்டாள். அவளுக்கு விமானம் ஐந்தரை மணித்தியாலத்துக்குள் முடியும்; மகனுக்கு வேண்டிய நேரத்தில் மூன்றில் ஒன்றுகூட வேண்டாம். ஆனால் அவனுடைய கனேடியக் கடவுச்சீட்டு அவன் மேசை இலாச்சியில் இருக்கிறது. அவளுடையதை எசமான் வாங்கி வைத்திருப்பது வளைகுடாவில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். நாட்டை விட்டு வெளியேற எசமானின் அனுமதி வேண்டும் என்ற விதியைச் சவூதி அரேபியா 2021 மார்ச்சில் பல தொழிலாளருக்குத் தளர்த்தியது. வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சீர்திருத்தத்துக்குள் சேர்க்கப்படவில்லை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவள் பதினோராம் மாதத்தில் தகப்பனை இழந்தால், வீட்டுக்காரரின் மனமே அவளுக்கு விமான அட்டவணை.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்த நாடு இது. பிள்ளையின் வயதைப் பார்த்துத் தாயைப் போகவிடுவதா இல்லையா என்று 2013இல் விதி போடத் தெரிந்த அரசுக்கு, போனவள் அவசரத்துக்குத் திரும்பி வருவதற்கும் விதி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தாயோ தகப்பனோ பிள்ளையோ இறந்தால் எத்தனை நாள் விடுப்பு, வெளியேறும் அனுமதி எத்தனை மணித்தியாலத்துக்குள், கடவுச்சீட்டு யார் கையில், பயணச்சீட்டுக்குப் பணம் யார் பொறுப்பு என்ற நான்கையும் நாட்டுக்கு நாடு உடன்பாடாக எழுதி வாங்குவது ஓடுபாதை போடுவதை விடச் செலவு குறைந்த வேலை. அந்தக் காகிதம் இருந்தால் றியாத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம், கட்டுநாயக்கவிலிருந்து ஏழு மணித்தியாலம்: விடியச் செய்தி கேட்டவள் அன்றிரவு விமானம் ஏறி, மறுநாள் பிரேதம் எடுக்கும் முன் கிரானில் இறங்கலாம்.